பொம்மைப் பையிலிருந்து வந்த அரக்கன்

மேசைப் போர் விளையாட்டு ஆடுபவர்களிடம் ஒரு பழைய சிக்கனம் உண்டு. சிப்பாய்களை நல்ல காசு கொடுத்து வாங்குவார்கள். மிருகங்களை மட்டும் பொம்மைக் கடையில் பொறுக்குவார்கள். மலிவாச்சே! ஆனால் மேசையில் வைத்தால் ஒட்டுமா என்பதுதான் கேள்வி.

யானையை எடுத்துக்குவோம். பரவலாகப் புழங்கும் 28 மி.மீ. மினியேச்சரில் ஒரு ஆள் நிஜத்தில் கிட்டத்தட்ட அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 3.2 மீட்டர் உயர ஆப்பிரிக்க யானை ஐந்தரை செ.மீ.க்குள் அடங்கணும். கடையில் கிடைப்பது 12 செ.மீ. என்றால், மேசையில் நிற்பது ஏழு மீட்டர் யானை! ஹன்னிபாலின் படையில் இதை நிறுத்தினால் கண் ஒத்துக்கொள்ளாது. சுருக்கம், தந்தம், கால் நகம் எல்லாம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு உறுத்தும். யானை எவ்வளவு பெரிசுன்னு நமக்குத் தெரியுமே.

டைனோசரை யார் பார்த்தது? அங்கே கண் விட்டுக்கொடுக்கும். இன்னும் ஒரு படி கீழே போனால், எந்த மிருகமென்றே தெரியாத மட்டமான பொம்மை. என் கணிப்பில் அதுதான் இந்த விளையாட்டுக்கு ஆகச் சிறந்த பொம்மை.

சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளை ஒரு சில்லறைக் கடையில் வாங்கிவந்து தன் ஆட்டத்தில் இறக்கினார். பையில் போட்டு 'வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்' என்று விற்ற சரக்கு. எந்த யுகத்திலும் வாழாத உருவங்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளியானது. மறு வருஷமே அதன் 'கிரேஹாக்' இணைப்பு நூலில் ஆந்தைக்கரடியும் துரு அரக்கனும் வந்துவிட்டன. பூமியைத் துளைத்து வரும் 'புலெட்' 1976இல் 'தி டிராகன்' முதல் இதழில்.

துரு அரக்கனைக் கொஞ்சம் கவனியுங்கள். பொம்மையின் வால் நுனியில் காற்றாடி மாதிரி ஒன்று. என்ன மிருகம் இது? பதில் இல்லாததால் கைகாக்ஸ் ஒரு விதியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது: இதன் உணர்கொம்பு பட்டால் இரும்பு துருப்பிடித்து உதிரும். உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனா கவசம் போயிடும், வாள் போயிடும். சாவுக்கு அஞ்சாத ஆட்டக்காரனும் இதைக் கண்டால் ஓடுவான். சிங்கப் பொம்மை கிடைத்திருந்தால் கடிக்கும், பிறாண்டும் என்பதோடு வேலை முடிந்திருக்கும்.

இப்போது இதே அரக்கனை அழகாக வடித்து, வண்ணம் பூசியே விற்கிறார்கள். வாலும் ஏறக்குறைய அப்படியே. நல்ல வேலைப்பாடு, மறுக்கல. ஆனால் அது பெயரோடும் விதியோடும் வருகிறது. வாங்குபவர் சேர்க்க மிச்சம் ஒன்றுமில்லை.

ஆகவே ரோமப் படை நடத்துபவர் யானையை அளவு பார்த்து, காசு கொடுத்தே வாங்கட்டும். அரக்கன் வேண்டுமென்றால், முகம் கோணலான, பெயர் எழுதாத பொம்மையாகப் பார்த்து எடுங்க. சோப்புத் தண்ணியில் கழுவிட்டு வண்ணம் அடிங்க. மெத்துனு இருக்கும் பிளாஸ்டிக்கில் சில ஸ்பிரே பெயின்ட் காயாமல் பிசுபிசுக்கும். முதலில் வயிற்றடியில் அடித்துப் பார்ப்பது நல்லது.