வலியை விளக்கும் உரைநடையில் உவமை

முதுகெலும்பு, மூளை, நரம்பு ஆகியவற்றின் வலி குறித்துத் துறைவல்ல மருத்துவர் பொதுமக்கட்கென எழுதும் கட்டுரைகள் இன்று தமிழில் பெருகியுள்ளன. நாளிதழ் இணைப்புகளிலும் மருத்துவமனைகள் வழங்கும் சிறு வெளியீடுகளிலும் இவற்றைக் காணலாம். இலக்கியத் திறனாய்வாளர் இவற்றைத் தம் எல்லைக்குப் புறம்பானவை என ஒதுக்குவது வழக்கம். ஆயினும், இவையும் உரைநடையே. அதிலும் உவமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு இயங்கும் உரைநடை. காணாத ஒன்றைக் கண்ட ஒன்றால் உணர்த்துதல் உவமையின் தொழிலாயின், வலியைப் போல் உவமையை வேண்டி நிற்கும் பொருள் பிறிதொன்று இருத்தல் அரிது. கவிதையில் உவமை பிழைத்தால் சுவை கெடும். இவ்வகை எழுத்தில் பிழைத்தால் படிப்பவர் குனியவும் அஞ்சி முடங்குவர்.

இதுகாறும் நாம் கலைச்சொல்லைப் பற்றியே மிகுதியும் வழக்காடி வந்துள்ளோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் அவரது பெருநூல் 1872இல் வெளிவந்தது. அன்று தொட்டுச் சொல்லாக்கம் தொடர்கிறது. தமிழகம் 'தண்டுவடம்' என்பதனை ஈழம் 'முண்ணாண்' என்கிறது. இரண்டும் நற்சொற்களே. எதனைக் கொண்டாலும் நோயாளிக்கு ஊறு இல்லை. ஊறு செய்வது, எவரும் ஆராயாமல் வழங்கும் உவமைச் சொல்லே.

'ஜவ்வு விலகிவிட்டது' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பாஸ்டன் நகரத்து மருத்துவர் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் எழுதிய கட்டுரை, முள்ளெலும்புகட்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துதலே காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணமாதல் உண்டு என்று நிறுவியது. அதன்பின் ஆங்கிலப் பேச்சு வழக்கில் அது 'நழுவிய வட்டு' ஆயிற்று. தமிழில் 'விலகல்' ஆயிற்று. உண்மையில் வட்டு நழுவுவதில்லை, நழுவவும் இயலாது. மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு அது உறுதியாக ஒட்டியுள்ளது. புறத்தே நார்வளையம், அகத்தே கூழ் போன்ற பொருள். வளையத்தில் கீறல் விழ, அகப்பொருள் புறத்தே பிதுங்குகிறது. மெத்தையின் தையல் விட்டுப் பஞ்சு பிதுங்குதலை ஒக்கும் இது. அடுக்கிய தட்டுகளில் ஒன்று சரிதலை ஒவ்வாது.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஓர் உவமை தனக்குரிய மருத்துவத்தையும் உடன் அழைத்து வருகிறது. விலகியதை மீண்டும் இடத்தில் தள்ள வேண்டும். தள்ளுவார் ஒருவர் வேண்டும். தள்ளிய பின்னும் அது மீண்டும் விலகக்கூடும். ஆதலின் பளு தூக்குதலும் குனிதலும் ஆயுள் முழுதும் ஆகா. இவ்வளவும் 'விலகல்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கியுள்ளன. பிதுங்கிய பொருளை உடலே சிறிது சிறிதாக உள்வாங்கிக்கொள்வது பலரிடம் நிகழ்கிறது என்னும் நற்செய்திக்கு அச்சொல்லில் இடமே இல்லை. 'பிதுக்கம்' என்று எழுதும் மருத்துவர் சிலர் உளர். அவர்தம் சொல்லே தக்கது என்பது எம் கருத்து.

'தேய்மானம்' என்பதும் இத்தகையதே. செருப்புத் தேயும், வண்டியின் உருளை தேயும், தேய்ந்தது மீண்டும் வளராது. எனவே இச்சொல்லைக் கேட்டவர் எஞ்சியதைக் காக்கக் கருதி உடலை அசைக்காது வைப்பர். நாள்பட்ட முதுகுவலிக்கோ அசைவே மருந்துகளுள் முதன்மையானது. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களைத் தொகுத்து நோக்கிய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. வட்டின் சிதைவு இருபது அகவையினரில் நூற்றுக்கு 37 பேரிடமும் எண்பது அகவையினரில் 96 பேரிடமும் காணப்பட்டது. எனவே, படத்தில் தோன்றுவது பெரும்பாலும் உள்ளுறுப்பின் நரையும் திரையுமே. நரைத்த தலையை நோயென்று எவரும் கூறார். நரை, திரை என்னும் பழந்தமிழ் இணையைக் கைவிட்டு, பட்டறைச் சொல்லொன்றைப் பற்றிக்கொண்டது ஏன் என்பது எமக்கு விளங்கவில்லை.

'நரம்பு' என்னும் சொல் இன்னும் சிக்கலானது. பழைய வழக்கில் யாழின் தந்தியும் நரம்பு. மக்கள் வழக்கில் குருதிக்குழாயும் நரம்பே. நாளத்தில் இடும் ஊசி 'நரம்பு ஊசி' எனப்படுகிறது. காலில் நாளம் புடைத்தலை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பர். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் பரப்பிய ஒரு நோய்ப்பெயர்க்கு நேரான 'நரம்புத் தளர்ச்சி', நம் சுவர் விளம்பரங்களில் ஆடவரின் அச்சத்தை விற்கும் சரக்காகிவிட்டது. இத்தனைக்கும் இடையே ஒரு மருத்துவர் 'நரம்பு பாதிப்பு' என்று மட்டும் எழுதி அமைந்தால், படிப்பவர் தளர்ந்த தந்தியையோ அறுந்த கயிற்றையோதான் எண்ணுவர்.

கயிற்றுவமை நம்முடையது மட்டுமன்று. பிரெஞ்சு மெய்யியலறிஞர் டெக்கார்ட் மறைந்தபின் 1664இல் பிரெஞ்சு மொழியில் அச்சேறிய அவர்தம் நூலில் ஓர் ஓவியம் உண்டு. நெருப்பு காலைச் சுடுகிறது. காலிலிருந்து மூளைக்கு ஓடும் நூல் இழுபடுகிறது. கயிற்றை இழுத்தவுடன் மணி ஒலிப்பது போல வலி தோன்றுகிறது. சுட்ட அளவே வலி என்னும் இவ்வுவமை நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1965இல் மெல்சாக்கும் வாலும் அதனிடத்தில் ஒரு வாயிலை வைத்தனர். தண்டுவடத்தில் வாயில் ஒன்று உண்டு. தொடுவுணர்வு அதனை ஓரளவு மூடும். மூளையும் மேலிருந்து அதனைத் திறக்கவும் மூடவும் செய்யும். முழங்கால் இடித்துக்கொண்ட குழந்தையின் காலைத் தாய் தேய்த்துவிட வலி தணிவதற்கு இதுவே விளக்கம். அவர்கள் வரைந்த நரம்பிணைப்புகளின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன, உவமையோ நிலைத்தது. அஞ்சிய மூளை வாயிலை அகலத் திறக்கும் என்பதையும் அது உடன் கற்பித்தது.

தமிழகத்தில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் 1998இல் வெளியிட்ட நூலில், இழந்த கையில் வலி உணர்வோர்க்குக் கண்ணாடி ஒன்றால் இருக்கும் கையையே இழந்த கையாகக் காட்டிய செய்தியை விரித்துரைக்கிறார். அச்சிகிச்சை பற்றிப் பின்வந்த ஆய்வு முடிவுகள் ஒருதன்மையாய் இல்லை. விளக்கவுரை என்ற அளவில் அதற்கு நிகர் சிலவே. அதை அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதே எம் குறை.

அச்சம் நீக்கும் உவமையே என்றும் நல்லுவமை என்று கொள்ளற்க. முதுகுவலியோடு சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ இயலாமை, இருக்கையிற் படும் பகுதியில் மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனை சேரவேண்டும். நரை என்று ஆறுதல் கூறும் கட்டுரை இதனையும் உவமை கலவாது கூறல் வேண்டும். பல கட்டுரைகள் இதை இறுதி வரியில் ஒளித்துவைக்கின்றன.

மெல்சாக் 1975இல் வலியைக் குறிக்கும் 78 சொற்களை இருபது தொகுதிகளாக வகுத்து ஒரு வினாநிரல் அமைத்தார். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, விண்விண்ணெனத் தெறித்தல் என நம் பாட்டிமார் வகுத்த நிரல் அதனினும் குறைந்ததன்று. எரிச்சலும் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற தெறிப்பும் நரம்பின் வலியைச் சுட்டும் குறிகள் என்பதை மருத்துவர் அறிவர். ஆயினும் அவர்தம் கட்டுரைகளில் இவையனைத்தும் 'வலி' என்னும் ஒரு சொல்லாகச் சுருங்குகின்றன. 'உளைச்சல்' என்பது காலுக்கும் உண்டு, மனத்துக்கும் உண்டு. வலி உடலுணர்வும் உள்ளவுணர்வும் கலந்தது என்று வலி ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையும் கூறுகிறது. அதனை விளக்கப் புகும் நம் மருத்துவரோ 'மனநிலையும் ஒரு காரணம்' என்று எழுதுகின்றனர். அதைப் படிக்கும் நோயாளி, தம் வலியைப் பொய் என்கிறார் இவர் என்றே பொருள் கொள்கிறார்.