ஓடிப்போனவனாக ஆடி மர்ஃபி

அமெரிக்கப் போர்வீரர் ஆடி மர்ஃபி என்றாலே ‘டு ஹெல் அண்ட் பேக்’ (1955) படத்தைத்தான் சொல்கிறார்கள். 1945 ஜனவரியில், பிரான்ஸில், பனிக்கு நடுவே, எரியும் பீரங்கி வண்டிமேல் ஏறி நின்று ஜெர்மானியரைச் சுட்டு ‘மெடல் ஆஃப் ஆனர்’ வாங்கியவர், பத்து வருடம் கழித்து அதில் தானாகவே நடித்தார். படத்தில் பனியே இல்லை. எனக்கு அந்த வீரம் ஒட்டவும் இல்லை.

ஜான் ஹியூஸ்டனின் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ (1951) வேறு ரகம். சண்டைக்குப் பயந்து ஓடும் பையன் அவர். எம்.ஜி.எம். இஷ்டத்துக்கு வெட்டி 69 நிமிடமாகச் சுருக்கிய படம். அப்படியும் அந்த முகம் தப்பிவிட்டது. வசனம் கொஞ்சம் தடுமாறும், சரி. ஆனால் ஓடியதை நண்பனிடம் ஒப்புக்கொள்ளும்போது கண் எங்கே போகிறது பாருங்கள். தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துத் தூங்கியவரின் கண் அது.