மினி பஸ் பாட்டு என்றொரு முத்திரை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மினி பஸ் ஏறியிருக்கிறீர்களா? ஏறாவிட்டால் பரவாயில்லை, உங்கள் ஊர் மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பூக்கூடை, நடுவில் உர மூட்டை, டிரைவர் தலைக்கு மேலே சாமி படம், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாண வீடு. அதற்காகப் போயிருந்தேன். வண்டி கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. ஸ்பீக்கரில் 'காதல் கோட்டை' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின் சீட்டில் காலேஜ் பையன்கள் மூன்று பேர். ஒருவன் செல்போனை ஸ்பீக்கருக்கு நேராக நீட்டி வீடியோ எடுத்தபடி, "பக்கா மினி பஸ் பாட்டுடா மச்சான்" என்றான்.

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"ஏ தம்பி, அது என்ன மினி பஸ் பாட்டு? இது தேவா பாட்டுல்லா! என் வண்டியில ஓடுனா பஸ் பாட்டுன்னா, எதுத்தாப்ல டீக்கடையில ஓடுதே, அது டீக்கடைப் பாட்டா?"

பையன்கள் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் வண்டி ஊரைத் தாண்டிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மனிதர் சும்மா கேட்கவில்லை. விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வியை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

சில வருடங்களாகவே இந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. 'மினி பஸ் ஹிட்ஸ்', 'டவுன் பஸ் பாடல்கள்' என்று தொகுப்புத் தொகுப்பாகப் போடுகிறார்கள். உள்ளே யார் இருப்பார்கள் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். தேவா, எஸ்.ஏ.ராஜ்குமார், சிற்பி. 'ஆசை', 'உள்ளத்தை அள்ளித்தா', 'பூவே உனக்காக', 'சூர்யவம்சம்'. தொண்ணூறுகளின் நடுவில் வந்த, அதிர்ந்து பேசாத மெலடிகள். ஜன்னலோர சீட், முகத்தில் காற்று, மனசுக்குள் யாரோ ஒருத்தி... இந்தச் சேர்க்கைக்குத்தான் மினி பஸ் பாட்டு என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது 1997-ல். பெரிய பஸ் போகாத கிராமங்களுக்குச் சின்ன பஸ் விட்டார்கள். ஆனால் 'ஆசை' 1995. 'உள்ளத்தை அள்ளித்தா', 'பூவே உனக்காக', 'காதல் கோட்டை' மூன்றுமே 1996. அதாவது, இந்தப் பாட்டுகள் போடப்பட்டபோது மினி பஸ்ஸே கிடையாது! பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு வந்த வண்டியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறோம்.

பின்னாலிருந்து பெயர் வைக்கும் இந்த வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காக்காரர்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்தது பஸ்ஸை அல்ல, உல்லாசப் படகை.

எழுபதுகளின் பின்பாதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில் வழவழவென்று ஒரு வகை ராக் இசை உருவானது. ஸ்டீலி டான், மைக்கேல் மெக்டொனால்ட், கென்னி லாகின்ஸ், கிறிஸ்டோபர் கிராஸ், டோட்டோ என்று ஒரு பட்டியல் உண்டு. ராக் என்று பெயரே தவிர, கிடாரை உடைக்கிற ராக் இல்லை. ஜாஸும் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து, பிசிறில்லாமல் பதிவு செய்த இசை. அன்றைக்கு அதை 'சாஃப்ட் ராக்' என்றார்கள். நம்ம ஊர் 'மெலடி' மாதிரி, எதையும் போட்டு வைக்கலாம் என்கிற பெரிய டப்பா.

2005-ல் ஜே.டி.ரைஸ்னரும் நண்பர்களும் சேர்ந்து இந்தப் பாடகர்களை வைத்து ஒரு நையாண்டித் தொடர் எடுத்தார்கள். இணையத்தில் வந்த குட்டிக் குட்டிப் படங்கள். தலைப்பு 'யாட் ராக்'. யாட் என்றால் பணக்காரர்களின் சொகுசுப் படகு. கிறிஸ்டோபர் கிராஸின் பெரிய ஹிட் ஒன்று படகில் போவதைப் பற்றியது; அந்தக் கால ரெக்கார்டு அட்டைகளிலும் கடலும் பாய்மரமும் உண்டு. கிண்டலுக்கு வைத்த பெயர், இசை வகையின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. 2024-ல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே வந்தது. அதில் ஸ்டீலி டானின் டொனால்ட் ஃபேகனுக்கு போன் போட்டு இந்தப் பெயரைப் பற்றிக் கேட்கிறார்கள். மனிதர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறார். மைக்கேல் மெக்டொனால்டோ இதைச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்கிறார். ஒரே முத்திரைதான். ஒருவருக்குச் சூடு, இன்னொருவருக்குப் பொட்டு.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். இந்தப் பெயர் பொருந்துமா, பொருந்தாதா?

இசைக்கு நாம் மூன்று விதமாகப் பெயர் வைக்கிறோம். ஒன்று, அதன் தன்மையைப் பார்த்து வைப்பது. 'மெல்லிசை' அப்படி வந்தது. விஸ்வநாதன் - ராமமூர்த்திக்கு 1963-ல் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் கொடுத்தபோது அந்தச் சொல்லில் இசையும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இரண்டாவது, உண்டாக்கியவர்களை வைத்துச் சொல்வது. 'கானா' என்றவுடன் வட சென்னை கண் முன் வருகிறது. மூன்றாவது, கேட்ட இடத்தை வைத்துச் சொல்வது. அதுதான் மினி பஸ்.

கேட்ட இடத்தை வைத்துப் பெயர் வைப்பது தப்பில்லை. கேட்ட இடத்துக்கும் கேட்ட பாட்டுக்கும் சம்பந்தம் இருந்தால் அந்தப் பெயரில் நியாயம் உண்டு. ஆகவே, மேற்படி பாட்டுகளை உட்கார்ந்து மறுபடி கேட்டேன். சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது.

டீசல் எஞ்சினின் உறுமல் கனத்த குரல்காரர். அடியில் ஓடும் பேஸ் கிடாரை அவர் விழுங்கிவிடுவார். அவரைத் தாண்டி உங்கள் காதுக்கு வந்து சேர்வது பாடகரின் குரல், புல்லாங்குழல், வயலின்கள், தபேலாவின் 'டக்' சத்தம். தேவாவின் மெலடிகளில் இவைதான் முன்னால் நிற்கின்றன. குரலோடு எதுவும் சண்டைக்கு வருவதில்லை. ராஜ்குமாரிடம் 'லாலாலா' கோரஸ் இருக்கிறது. வார்த்தையே இல்லாத அந்த ஹம்மிங், ஹார்ன் சத்தத்திலும் கண்டக்டர் விசிலிலும் அறுபடாது, அறுபட்டாலும் நஷ்டமில்லை. அவருடைய படங்களில் ஒரே மெட்டு முதல் பாதியில் சந்தோஷமாக வரும், பின்பாதியில் சோகமாக வரும். வீரசிகாமணியில் ஏறுகிறவருக்கும் சேர்ந்தமரத்தில் ஏறுகிறவருக்கும் கதை புரிந்துவிடும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் பாதியில் ஏறினாலும் பாட்டைப் பிடித்துவிடலாம், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி.

ஆகவே பெயர் பொருந்துகிறது என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? பொறுங்கள். இங்கேதான் எனக்கு நெருடுகிறது.

அதே பஸ்ஸில் வேறு பாட்டே ஓடவில்லையா? இளையராஜா இல்லாமல் தென்காசிப் பக்கம் எந்த வண்டி ஓடியது? 1992-ல் 'ரோஜா' கேசட் தேயத் தேய ஓடியது எங்கே? பஸ்ஸிலும்தானே! ஆனால் ராஜாவின் பாட்டை ராஜா பாட்டு என்கிறோம். ரஹ்மான் பாட்டை ரஹ்மான் பாட்டு என்கிறோம். 1995-ல் 'பாட்ஷா'வுக்கு இசை தேவாதான். அதை ரஜினி பாட்டு என்கிறோம். இவர்களெல்லாம் பஸ்ஸில் ஏறி, தங்கள் பெயரோடு இறங்கிவிட்டார்கள். தேவாவின் மெலடியும் ராஜ்குமாரின் கோரஸும் சிற்பியின் துள்ளலும் மட்டும் இறங்க முடியாமல் பஸ்ஸுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன.

ஏன்? ஏனென்றால், இந்த முத்திரை இசையைப் பார்த்துக் குத்தியதில்லை, அந்தஸ்தைப் பார்த்துக் குத்தியது. ஒரு பக்கம் ராஜா, மறு பக்கம் ரஹ்மான். நடுவில் இருந்தவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ரசிக்கவும் வேண்டும், ரசித்ததற்கு வெட்கப்படவும் வேண்டும். 'மினி பஸ் பாட்டு' என்று சொன்னால் இரண்டும் நடந்துவிடும். "நான் இதை சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லைப்பா" என்று ஒரு சிரிப்போடு ரசிக்கலாம். அமெரிக்காக்காரன் படகில் ஏற்றிக் கிண்டல் செய்தான். நாம் மினி பஸ்ஸில் இறக்கிக் கிண்டல் செய்கிறோம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. யாட் ராக் என்று பெயர் வைத்தவர்கள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு கணக்குப் பிள்ளைகளாக மாறிவிட்டார்கள். எந்தப் பாட்டு இதில் சேரும், எது சேராது என்று பாட்டுக்குப் பாட்டு நூற்றுக்கு மார்க் போட்டார்கள். ஈகிள்ஸ் குழு எவ்வளவு மென்மையாகப் பாடினாலும் இந்த வகை இல்லை என்று சண்டை போட்டார்கள். கிடார் வாசித்தவர் யார், டிரம்ஸ் அடித்தவர் யார் என்று ரெக்கார்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். கிண்டல் பெயர், கவனமாகக் கேட்கும் பழக்கத்தில் கொண்டுபோய் விட்டது.

நம் பெயர் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது? 'உள்ளத்தை அள்ளித்தா' பாட்டுகளை எழுதியவர் பழநிபாரதி என்று 'மினி பஸ் ஹிட்ஸ்' கேட்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் விசிலடித்துக்கொண்டே திரிகிறோமே அந்தப் புல்லாங்குழல் துணுக்கு, அதை வாசித்தவர் யார்? அன்றைய கேசட் அட்டைகளில் வாத்தியக்காரர்களின் பெயரைப் பெரும்பாலும் போடவில்லை. அட்டை செய்த அந்தத் தப்பை இப்போது பட்டப்பெயர் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. அட்டையில் இசையமைப்பாளர் பெயராவது இருந்தது. பட்டப்பெயரில் அதுவும் போய்விட்டது.

எல்லாப் பாட்டும் உசத்தி என்று நான் வாதாட வரவில்லை. அவசரத்தில் அடித்த பாட்டுகளும் உண்டு, ஒன்றைப் போலவே இருக்கும் பத்துப் பாட்டுகளும் உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கும் பாட்டைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மொத்தமாக ஒரு மூட்டையில் கட்டிவிட்டால் நல்லதும் தெரியாது, மட்டமும் தெரியாது.

பெயரால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. மறுக்க மாட்டேன். இந்தப் பெயர் வந்திராவிட்டால், என் பின் சீட்டுப் பையன்கள் தாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டைத் தேடிக் கேட்டிருப்பார்களா? 2022-ல் சென்னையில் தேவாவின் பெரிய கச்சேரி நடந்தது. ரஜினிகாந்தே வந்து வாழ்த்தினார். இந்தப் பாட்டுகளைக் காலம் மறக்காமல் வைத்திருந்ததில் கிண்டல்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கிண்டலாவது செய்கிறவன் கேட்டுவிட்டுத்தானே செய்கிறான்!

கல்யாணம் முடிந்து திரும்பும்போது சங்கரநாராயணர் கோயிலுக்குப் போனேன். ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன் பெரியவர் என்று ஒருவர், விஷ்ணு பெரியவர் என்று இன்னொருவர். சண்டை தீரவில்லை. கோமதி அம்மன் தவம் இருந்தாள். கடைசியில் சுவாமி பாதி சங்கரன், பாதி நாராயணனாக வந்து நின்றார். வருஷா வருஷம் ஆடித் தபசுக்கு ஊரே கூடி அதைத்தான் கொண்டாடுகிறது.

எனக்கு அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. சுவாமிக்கு இரண்டில் எது சரியான பெயர் என்று ஊர் தீர்ப்பு சொல்லவில்லை. இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் தீர்ப்பும் அதுதான். மினி பஸ் பாட்டு என்று தாராளமாகச் சொல்லுங்கள். கேட்டவர்களின் பெயர் அது. கூடவே செய்தவர்களின் பெயரையும் சொல்லுங்கள். 'தேவாவின் மினி பஸ் பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள், கிண்டல் கழன்றுவிடும். முத்திரை, முகவரி ஆகிவிடும். பாட்டு எங்கே குடியிருந்தது என்று முகவரி சொல்லும். வீட்டைக் கட்டியது யார் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும்போதும் அதே வண்டிதான் கிடைத்தது. டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன அண்ணாச்சி, சாப்பாடெல்லாம் ஆச்சா? என்ன பாட்டு போடட்டும்?"

"மினி பஸ் பாட்டு போடுங்க" என்றேன், வேண்டுமென்றே.

கண்ணாடியில் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"யாரு பாட்டுன்னு சொல்லுங்க, போடுதேன்."