மேசைத் தொழிற்சாலையும் பொறுப்பின் முகவரியும்: கொடைக்கானலிலிருந்து ஒரு வாசிப்பு

முப்பரிமாண அச்சுப்பொறியும் இணையத்தில் பகிரப்படும் திறந்த வடிவமைப்பும் தொழில்முனைவோரைத் தொழிற்சாலை முதலாளியிடமிருந்து விடுவிக்கும் என்கிறது கிறிஸ் ஆண்டர்சனின் ‘மேக்கர்ஸ்’ (2012). தானியங்கி நீர்த்தெளிப்பானை வடிவமைத்து 1943இல் காப்புரிமை பெற்ற தம் தாத்தா, உற்பத்திக்கு ஒரு நிறுவனத்தையே சார்ந்திருக்க நேர்ந்ததை ஆண்டர்சன் சான்றாக்குகிறார். வாதம் வலுவானதே. எனினும் அந்நூலில் தொழிற்சாலை பெரிதும் முதலீட்டுத் தடையாகவே தோன்றுகிறது. கழிவும் தொழிலாளர் உடல்நலமும் வாதத்தின் விளிம்பில் நிற்கின்றன.

கொடைக்கானலிலிருந்து வாசிப்போர்க்கு இக்குறை உடனே புலப்படும். 1980களில் அமெரிக்காவிலிருந்து இங்குப் பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானி ஆலை, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையொன்றில் கண்டறியப்பட்டபின் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக இந்துஸ்தான் யூனிலீவருடன் உடன்பாடு எட்டப்பட்டது 2016இல்தான். அதனையும் மனிதாபிமான அடிப்படையிலான தொகை என்றே நிறுவனம் குறித்தது. பொறுப்புக் கோர ஒரு முகவரி இருந்தும் பதினைந்து ஆண்டுகள்!

திறந்த வடிவமைப்பில் அம்முகவரியே கலைகிறது. அதன் உரிமங்கள் பெரும்பாலும் எவ்வித உத்தரவாதமுமின்றி, உள்ளது உள்ளபடி வழங்கப்படுவன. வரைபவர் ஒரு நாட்டில், அச்சிடுபவர் வேறொரு நாட்டில். ஆவியைச் சுவாசிப்போர் அச்சிடுபவரின் வீட்டார். ஒளியால் இறுகும் பிசினைக் கையுறையின்றித் தொடலாகாது. அச்சுப்பொருளைக் கழுவிய நீர்மத்தை வடிகாலில் விடலாகாது. மலைச்சரிவில் வடிகால் சோலை ஓடைகளில் சேர்ந்து சமவெளிக்கு இறங்கும். இவ்வெச்சரிக்கைகள் பிசின் புட்டியின்மேல் உள்ளன. பகிரப்படும் கோப்பிலும் இவற்றைச் சேர்க்குமாறு அவ்வுரிமங்கள் பொதுவாகக் கோருவதில்லை.