தேய்ந்த தட்டுகளில் ஷோபான்

பழைய இசைத்தட்டைப் போட்டால் முதலில் இரைச்சல்தான் கேட்கும், எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல. அதற்குப் பின்னால், பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோலப் பியானோ. முதல் தடவை கேட்டபோது அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து, வீடு அடங்கிய ஒரு ராத்திரியில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டேன். பாதியில் இரைச்சல் எங்கே போனது என்றே தெரியவில்லை. காது அதைத் தானாக ஒதுக்கிவிடுகிறது. மழை பெய்யும்போது பேச்சைக் கேட்கிறோமே, அப்படி. இந்தப் பழக்கம் வர இரண்டு மூன்று தட்டுகள் போதும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலந்து இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஷோபான் 1849-இல் பாரிஸில் இறந்தார். வயது 39. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877-இல். ஷோபானின் விரல் பட்ட ஒலி ஒரு நொடிகூட நமக்கு மிஞ்சவில்லை. ஆனால் சிஷ்ய பரம்பரை மிஞ்சியது. பாரிஸில் அவரிடமே பாடம் கேட்ட கரோல் மிகுலி, பிறகு லெம்பெர்க் நகரத்தில் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) பல காலம் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் இருவர் மோரிட்ஸ் ரோசந்தால், ரவுல் கோசால்ஸ்கி. இருவரும் தட்டு கொடுத்திருக்கிறார்கள். ஷோபானுக்கும் நமக்கும் நடுவில் இரண்டே ஆள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் ஒரே உருப்படியைத்தான் சொல்வேன்: ஒன்பதாம் ஓபஸில் (வெளியீட்டு எண்) இரண்டாவது நாக்டர்ன், அதாவது இரவிசை. பெயர் தெரியாதவர்களும் எங்கேயோ கேட்டிருப்பார்கள். இன்றைய கலைஞர் யாராவது வாசித்ததை முதலில் இரண்டு தடவை கேளுங்கள். இடது கை கீழே ஒரு ஒற்றை ஸ்வரம் போட்டு, மேலே இரண்டு சிறு கூட்டு ஸ்வரங்கள் தொடும். கீழே ஒன்று, மேலே இரண்டு என்று ஏறக்குறைய கடைசிவரை அதே நடைதான். வலது கை அதன்மேல் பாடும். பாட்டு நீளமில்லை. திரும்பத் திரும்ப வரும், வரும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக நகை போட்டுக்கொண்டு வரும்.

இப்போது கோசால்ஸ்கி 1938-இல் கொடுத்த பதிவைப் போடுங்கள். பாட்டைக் கேட்காதீர்கள், இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு தொடையில் தாளம் போடுங்கள். அது அசையாமல் நடக்கிறது. அடுத்த தடவை, தாளத்தை விடாமல் வலது கைக்குக் காதைக் கொடுங்கள். ஓரிடத்தில் பாட்டு கால் அடி தயங்குகிறது, இன்னோரிடத்தில் முந்திப் போய்க் காத்திருக்கிறது. சில இடங்களில் கீழ் ஸ்வரம் முதலில் விழுகிறது, அது விழுந்த பிறகே பாட்டின் ஸ்வரம் எழும்புகிறது. இரண்டு கையும் ஒரே கணத்தில் விழ வேண்டும் என்று பிற்காலத்தில் பழக்கிவிட்டார்கள். அந்தக் காதோடு கேட்டால் இது பிசகாகத் தெரியும். பிசகில்லை, அதுதான் பாணி. துணைக்கு வாசிக்கும் கை காலப்பிரமாணத்தை விடக்கூடாது, பாடும் கைக்குத்தான் சுதந்திரம் என்று ஷோபான் சொல்லிக்கொடுத்ததை மிகுலி எழுதிவைத்திருக்கிறார். மாணவர்களை இத்தாலிய ஆபராவுக்குப் போய்ப் பாடகர்களைக் கேட்கச் சொன்னவர் ஷோபான். வாய்ப்பாட்டுக்காரர் ஒரு சொல்லை இழுக்கும்போது பக்கவாத்தியம் கூடவே இழுபடுவதில்லை அல்லவா? அதைப் பத்து விரலில் ஒரே ஆள் செய்கிறார். ரூபாட்டோ என்று எல்லோரும் சொல்லும் சொல்லுக்கு இந்தப் பொருளும் உண்டு என்பது எனக்குப் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை. இந்தத் தட்டில்தான் புரிந்தது.

இதே தட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் இல்லாத சில அலங்காரங்கள் வரும். கோசால்ஸ்கி தானாகச் சேர்த்தவை அல்ல. ஷோபான் பாடம் நடத்தும்போது மாணவர்களின் பிரதிகளில் பென்சிலால் மாற்றுச் சங்கதிகள் எழுதிக்கொடுப்பார். இந்த நாக்டர்னுக்கு அப்படி நிறையவே கிடைத்திருக்கின்றன. எழுதி முடித்த உருப்படியை அவர் முடிந்ததாக நினைக்கவில்லை என்பது கேட்டதும் தெரிந்துவிடும். பிறகு ரோசந்தாலின் பதிவைக் கேளுங்கள். அதே குரு, ஆனால் வேறு வாசிப்பு, வேறு குரல். ‘ஷோபான் இப்படித்தான் வாசித்தார்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். மிகுலியின் இரண்டு மாணவர்களே ஒத்துப்போகவில்லை.

அடுத்து மசூர்கா. போலந்து கிராமத்து ஆட்டம், மூன்று அடித் தாளம். ஷோபான் இதை வாசிக்கக் கேட்ட பியானோக் கலைஞர் சார்ல்ஸ் ஹாலே, ‘நீங்கள் நான்கு அடியாக வாசிக்கிறீர்கள்’ என்றாராம். ஷோபான் மறுத்தார். அவரையே வாசிக்கவிட்டு ஹாலே உரக்க எண்ணிக் காட்டினார், நான்கு சரியாகப் பொருந்தியது. ஷோபான் சிரித்துவிட்டு, எங்கள் நாட்டு ஆட்டத்தின் குணம் அது என்றாராம். அடிகளில் ஒன்று நீண்டு அடுத்ததைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தாளில் அதை எழுத முடியாது. கிராக்கோவை அடுத்த ஊரில் 1882-இல் பிறந்த இக்னாஸ் ஃபிரீட்மன் 1930-இல் பதிவு செய்த மசூர்காக்களைக் கேட்டால் ஹாலே எதைச் சொன்னார் என்று விளங்கும். குதிகாலைத் தரையில் ஊன்றி உடம்பைத் திருப்பும் அந்த இடம் காதிலேயே தெரிகிறது. உட்கார்ந்து கேட்க முடியாத தட்டுகள் அவை.

பதிவுக் கருவியைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. 1925 வரை ஒலிப்பதிவில் மைக் கிடையாது. பெரிய ஊதுகுழல் ஒன்றின் முன் வாசிப்பார்கள், அந்த அதிர்வு மெழுகில் நேராகக் கோடு கீறும். பியானோவின் அடி ஸ்வரங்களும் மென்மையும் அதில் சரியாக விழாது. பியானோக் கலைஞர் விளாதிமிர் த பாக்மன் 1907-இல் கொடுத்தவை அந்த வகை. அவற்றில் நாதத்தைத் தேடாமல் நடையைத் தேடுங்கள். தட்டு செய்தது அரக்கில், பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்து போன அரக்கு. ஒரு பக்கத்தில் நான்கு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில நொடி. வெட்டி ஒட்ட வழியில்லை. தொடங்கினால் முடிக்க வேண்டியதுதான். பியானோக் கலைஞர் கோர்தோவின் பதிவுகளில் தவறான கட்டைகள் பல இடத்தில் விழும். அவற்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அவர் ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோய் நிறுத்தும் அழகைத் தவறவிடுவோம். பிரான்சின் தென்மேற்கில், தன் வீட்டிலேயே 1928-இல் ஷோபானின் எட்யூட்களை (பயிற்சி உருப்படிகளை) பதிவு செய்த ஃபிரான்சிஸ் பிளாந்தேக்கு அப்போது வயது 89. ஷோபான் இறந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவன்.

வாங்கும்போதோ இணையத்தில் தேடும்போதோ, இரைச்சலை அறவே துடைத்த பிரதியை ஒதுக்குங்கள். இரைச்சலோடு பியானோவின் மேல் ஓசையையும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது பஞ்சில் பொதிந்த சத்தம். சுருதி ஏறியோ இறங்கியோ ஒலித்தால் வாசித்தவரைக் குறை சொல்லாதீர்கள், தட்டைச் சுழற்றிய வேகம் தவறாக இருக்கும். துளையிட்ட காகிதச் சுருளில் எடுத்த பதிவுகளும் கிடைக்கும். இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் போன்றவர்கள் அப்படி வாசித்திருக்கிறார்கள். இரு கையும் விலகி விழும் பழக்கத்தை அதில் காணலாம், விரலின் பதத்தை அதில் நம்ப முடியாது.

கடைசியாக, ஃபிரீட்மன் 1936-இல் கொடுத்த ஓபஸ் 55, இரண்டாவது நாக்டர்ன். பியானோத் தட்டுகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை. வலது கை ஒன்றுக்குள்ளேயே இரண்டு குரல்கள். மேல் குரல் நீளமாக நிற்கும்போது உள்குரல் அதன் அடியில் நகர்ந்து, தன் வழியே போய், எதிர்பாராத இடத்தில் வந்து சேர்கிறது. முதல் தடவை மேல் குரலோடு போங்கள். இரண்டாம் தடவை உள்குரலை மட்டும் பின்தொடருங்கள். நடுவில் கைநழுவிவிடும், பரவாயில்லை, மறுபடி பிடித்துக்கொள்ளலாம். மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்தே கேட்கும். கடைசி ஸ்வரம் அடங்கிய பிறகும் வெற்றுக் கோட்டில் ஊசி ஓடும் சத்தம் சில நொடி இருக்கும். அதையும் வெட்டாமல் விட்டிருக்கிற பிரதியாகப் பார்த்து எடுங்கள்.