'கொள்ளையர் சங்கம்' என்னும் பெயரும் சான்றுகளின் தன்மையும்: எபேசு, கி.பி. 449

முன்னுரை

திருச்சபை வரலாற்றில் முறைகேடானவை என ஒதுக்கப்பட்ட சங்கங்களுள் கி.பி. 449ஆம் ஆண்டு எபேசு நகரில் கூடியது முதன்மையானது. திருத்தந்தை லியோ 451இல் பேரரசி புல்கேரியாவுக்கு எழுதிய மடலே அதற்குக் 'கொள்ளையர் சங்கம்' என்னும் பெயரைத் தந்தது. இப்பெயர் நடந்ததன் விளக்கமாகவே கையாளப்படுவதுண்டு. எனினும், அது வழக்கின் ஒரு தரப்பார் அளித்த தீர்ப்பு என்பது கருதத்தக்கது.

நடைமுறைக் குறைகள்

பேரரசர் இரண்டாம் தியோதோசியு கூட்டிய இச்சங்கத்திற்கு அலெக்சாந்திரியாவின் தியோஸ்கோரு தலைமை ஏற்றார். கிறிஸ்துவின் இயல்பு குறித்த போதனைக்காக 448இல் கண்டிக்கப்பட்ட துறவி யூத்திக்கேசு மீண்டும் ஏற்கப்பட்டார். அவரைக் கண்டித்த கொன்ஸ்தாந்திநோபிள் ஆயர் பிளவியான் பதவி நீக்கப்பட்டார். லியோவின் கொள்கை மடல் வாசிக்கப்படவில்லை. இது மறுக்கவியலாத குறை. ஆயினும், 448இல் தீர்ப்பளித்தோருக்கு வாக்குரிமை மறுத்ததை அவ்வாறு கூறவியலாது. தம் தீர்ப்பைத் தாமே மறுஆய்வு செய்யலாகாது என்பது நீதிநெறியே.

நடைமுறை மட்டுமே அளவுகோல் எனின், 431ஆம் ஆண்டு எபேசு சங்கமும் ஐயத்திற்குரியதாகும். அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருமுன், பேரரசரின் அலுவலர் எதிர்த்தும், சிரில் அதனைத் தொடங்கினார். நெஸ்தோரியு ஒரே நாளில், அவர் இல்லாமலேயே நீக்கப்பட்டார். அச்சங்கமோ மூன்றாம் பொதுச்சங்கமாக ஏற்கப்பட்டது.

சான்றுகள்

449இன் முதல் அமர்வுக் குறிப்புகள் 451 அக்டோபரில் கால்செதோன் சங்கத்தில் வாசிக்கப்பட்டமையால் எஞ்சின. படைவீரர்களுக்கு அஞ்சி வெற்றுத்தாளில் ஒப்பமிட்டதாக அங்கு ஆயர் சிலர் முறையிட்டனர். அது உண்மையாயிருக்கலாம். ஆனால், முறையிட்டோர் முன்பு ஒப்பமிட்டோரே. அம்முறையீடு அவர்தம் பதவிக்கும் காப்பாயிற்று. தியோதொரேத்து, ஈபா முதலியோரைக் கண்டித்த பிந்தைய அமர்வின் குறிப்புகளோ, 535ஆம் ஆண்டுச் சிரிய மொழிச் சுவடியில் கால்செதோனின் இடையீடின்றிக் கிடைக்கின்றன. இவ்விரு சான்றுகளையும் ஒரே தன்மையனவாகக் கொள்வது பிழையாகும்.

முடிவுரை

449இன் செயல்களைச் செல்லாதவை என்ற கால்செதோன், அதன் விளைவாய் அந்தியோக்கியா ஆயரான மாக்சிமுவை மட்டும் பதவியில் விட்டது. முறைகேடு என்னும் தீர்ப்பிலும் தேவை கருதிய விலக்கு இருந்தமைக்கு இது சான்று. மேலும், எகிப்திய, சிரிய மரபுத் திருச்சபைகள் தியோஸ்கோருவை இன்றும் புனிதராகப் போற்றுகின்றன. ஆகவே, ஒரு சங்கம் எவ்வாறு நடந்தது என்பதும், அதனை யார் ஏற்றனர் என்பதும் தனித்தனி வினாக்கள். 'கொள்ளையர் சங்கம்' என்னும் பெயர் இரண்டாம் வினாவுக்குரிய விடையை முதல் வினாவுக்கும் தந்துவிடுகிறது.