வெள்ளை தெரிந்த கண்கள்

புத்தளத்துக்காரருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி தேர்ந்தெடுப்பதில் ஒரு தனித் தகுதி உண்டு. வெள்ளை நிறம் எத்தனை வகை என்பது அவருக்குத் தெரியும். வெயில் ஏறிய பிறகு பாலாவிப் பக்கத்து உப்பளங்களைப் பாருங்கள். பாத்தியில் நீருக்கடியில் கிடக்கும் உப்பில் மெல்லிய நீலம் ஓடும். வாரிக் குவித்த ஈர உப்பு கண்ணைக் கூசும். நாள்பட்ட அம்பாரத்தில், கிடுகுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் ஓரத்தில், மண்ணின் சாயல் லேசாக ஏறியிருக்கும். மூன்றும் வெள்ளைதான், ஆனாலும் ஒன்று மற்றொன்றல்ல.

இந்தக் கண்ணோடு கடைக்குள் போனால் முதல் ஏமாற்றம் அங்கேதான். சுவர் முழுக்க எரியும் திரைகளில் வெள்ளையெல்லாம் ஒரே வெள்ளை, அதுவும் நீலம் பாய்ந்த வெள்ளை. கடைகளில் பெட்டிகளை ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்ற அமைப்பில் வைத்திருப்பது வழக்கம். டியூப் லைட் வெளிச்சத்தில் நீலம் கலந்த வெள்ளைதான் கூடுதல் பிரகாசமாகத் தெரியும், போகிறவரை நிறுத்தும். ஆனால் நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் படத்தின் நிறத்தைச் சரிபார்ப்பது 6500 கெல்வின் என்ற அளவிலான வெள்ளையை வைத்து. ஏறக்குறைய பகல் வெளிச்சத்தின் வெள்ளை அது. அதற்கு மிக நெருங்கி வருவது ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்ற அமைப்பு. கடைக்காரரிடம் கேட்டு அதற்கு மாற்றச் சொல்லுங்கள். முதல் பார்வையில் படம் மஞ்சளடித்தது போலத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்தால் கண் பழகும். பிறகு மேகத்தின் விளிம்பும், வெள்ளைச் சாரத்தின் மடிப்பும், தொப்பியின் தையலும் ஒவ்வொன்றாக வெளியே வரும். நல்ல திரையின் நயம் அப்படி மெதுவாகத்தான் பிடிபடும்.

வெள்ளையைவிட நுட்பமானது கறுப்பு. மஃரிபுக்குப் பிந்திய களப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வானம் முற்றாக இருளவில்லை, நீர் வானத்தைவிட ஒரு பங்கு இருட்டு, கரையில் ஏற்றிய வள்ளம் நீரைவிட இருட்டு. இந்த மூன்று இருட்டையும் பிரித்துக் காட்டும் திரைதான் திரை. மலிவான பெட்டியில் மூன்றும் சேர்ந்து ஒரே சாம்பல் பூச்சாகிவிடும். எல்சிடி திரைகளில் இரண்டு குலங்கள் உண்டு. ‘விஏ’ வகையில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான விகிதம் 3000க்கு 1 அல்லது அதற்கும் மேல். கறுப்பு ஆழமாக நிற்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு நிறம் வெளுக்கும். ‘ஐபிஎஸ்’ வகையில் அந்த விகிதம் 1000க்கு 1 அளவில்தான். கறுப்பு கொஞ்சம் நரைக்கும், ஆனால் ஓரத்தில் இருப்பவருக்கும் முகம் முகமாகவே தெரியும். ‘ஓலெட்’ திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு, விலையும் அதற்கேற்றதுதான்.

இதில் எது உயர்ந்தது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் ஹோல். நேர் எதிரே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு விஏ அழகு. கிரிக்கெட் நாளில் பாயிலும் கதிரையிலும் விறாந்தை வாசலிலும் ஆட்கள் நிறையும் வீட்டுக்கு ஐபிஎஸ்தான் நியாயம். கற்பிட்டிப் பக்கம் மேற்கே கடலைப் பார்த்த வாசல் என்றால் பின்னேர வெயில் நேரே உள்ளே விழும். வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிய பளபளப்பான திரையில் படத்துக்குப் பதில் உங்கள் வாசல்தான் தெரியும்.

ஒரு காலத்தில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமே இருக்கவில்லை. 1979 ஏப்ரலில் ஐடிஎன் ஒளிபரப்புத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது. வெப்பமும் அசைவின்மையும் கூடிய நாட்களில் மன்னார் வளைகுடாவின் மேல் காற்று அடுக்கடுக்காகப் படிந்து அலைகளை அடிவானத்துக்கு அப்பாலும் வளைத்துக் கொண்டுபோகும். அதனால் ரூபவாஹினியைத் தூத்துக்குடிப் பக்கத்திலும் எண்பதுகளில் பார்த்தார்கள். ஒருவர் கூரையில் நின்று அன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் உள்ளிருந்து சத்தம் கொடுக்க, புள்ளி மழைக்கு நடுவே ஒரு முகம் தேறினால் அதுவே திருப்தி. படம் வந்ததா என்பதே அன்றைய கேள்வி. எந்தப் படம் உண்மையாக இருக்கிறது என்பது இன்றைய கேள்வி.

அந்தப் பழைய காலத்தின் மிச்சம் இன்னும் நம் திரைக்குள் இருக்கிறது. பழைய தரத்து ஒளிபரப்பின் ஒரு படம் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. அதாவது நேத்ரா, வசந்தம் போன்ற தமிழ் அலைவரிசைகளில் நாடகம் பார்க்கும்போது வந்து சேர்வது பழைய தரத்துப் படமாக இருந்தால், திரையில் எரியும் இருபது புள்ளிகளில் பத்தொன்பதைப் பெட்டி தானாகவே ஊகித்து நிரப்புகிறது. நல்ல பெட்டி கைதேர்ந்த எம்பிராய்டரிக்காரிபோல இழை தெரியாமல் நிரப்பும். மட்டமான பெட்டி கன்னத்தைப் பிளாஸ்டிக்காக்கி, தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுவிடும். ‘ஷார்ப்னஸ்’ அளவை ஏற்றினால் அந்தக் கோடு இன்னும் தடிக்கும். இறக்கி வைப்பதே அழகு. பெரிய அங்குலத்துக்கு ஆசைப்படுமுன் இதையும் நினையுங்கள். படம் பெருக்கும்போது குறையும் சேர்ந்தே பெருக்கும்.

அசைவுக்கும் ஒரு நயம் உண்டு. சினிமா நொடிக்கு 24 படங்களால் ஆனது. அந்தச் சிறு தயக்கம்தான் அதற்குக் கனவின் தன்மையைத் தருகிறது. பெட்டி இடையிடையே இல்லாத படங்களைச் செருகி வழவழப்பாக்கினால் பெரிய படமும் மாலை நேரத் தொடர் நாடகமாகிவிடும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டில் பந்து திரையைக் குறுக்கே கடக்கும்போது பின்னால் வால் இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஒலி. திரை மெலிய மெலிய ஒலிபெருக்கி பின்னுக்கும் கீழுக்கும் ஒதுங்கிவிட்டது. செய்தி வாசிப்பவரின் ரகரமும் றகரமும் பிரிந்து கேட்கிறதா, சகரம் சீறாமல் வருகிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள். அதில் தோற்கும் பெட்டி சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் தோற்கும்.

கடையில் ஓடும் விளம்பரப் படத்தை நம்பித் தீர்மானிக்காதீர்கள். அதிலுள்ள பவளப் பாறையையும் தேன் துளியையும் நீங்கள் நேரில் பார்த்ததில்லை. சரியா பிழையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? உங்கள் கைபேசியில் நண்பகல் உப்பளம், அந்திக் களப்பு, உம்மாவின் முகம் ஆகிய மூன்றையும் படம்பிடித்து ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். உம்மா உம்மாவாகத் தெரியும் பெட்டியை எடுங்கள். 55 அங்குலத்துக்குப் போக நினைத்தவர் 50இல் நின்று, மிஞ்சும் காசில் ஒரு சவுண்ட்பாரும் மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவியும் வாங்குங்கள். 900 மெகாவாட் நுரைச்சோலை மின்நிலையம் நம் பக்கத்திலேயே இருந்தாலும் கரண்ட் போய்த் திரும்பி வரும் நொடி நம் வீட்டுக்கும் உண்டு.